கராச்சி – சென்னை வான்வழி: தொலைவும் பயண நேரமும்

கராச்சி – சென்னை வான்வழி என்பது டாட்டா நிறுவனம் 1932-ஆம் ஆண்டு தொடங்கிய முதல் அஞ்சல் விமானத் தடம் ஆகும். இவ்விரு நகரங்களின் விமான நிலையங்களுக்கு இடையே உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ 1,900 கி.மீ. அன்று முதல் இன்று வரை இத்தொலைவு மாறவில்லை. அதைக் கடக்க ஆகும் நேரம் மட்டும் பலமுறை மாறியுள்ளது.

பின்னணி

1929 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து கராச்சிக்கு விமான சேவையைத் தொடங்கியது. கராச்சியில் இறங்கிய கடிதங்களைத் தெற்கே விமானத்திலேயே கொண்டுவரும் திட்டத்தை, பிரித்தானிய வான்படையின் முன்னாள் விமானி நெவில் வின்சென்ட் டாட்டா நிறுவனத்திடம் முன்வைத்தார். ஜே. ஆர். டி. டாட்டா அதை ஏற்றுச் செயல்படுத்தினார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை 1929-இல் பெற்றவர் அவரே.

முதல் பயணம்

1932 அக்டோபர் 15 அன்று காலை ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எந்திரம் கொண்ட புஸ் மாத் விமானத்தில் புறப்பட்டார். ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள அஞ்சல் பை அதில் இருந்தது. அகமதாபாத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்த எரிபொருளை நிரப்பிக்கொண்டு, பிற்பகலில் பம்பாய் ஜூஹுவை அடைந்தார். அங்கிருந்து அஞ்சலை வின்சென்ட் எடுத்துச் சென்றார். பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார்.

நேரக் கணக்கு

வழியில் உள்ள நிறுத்தங்களைச் சேர்த்தால் இத்தடத்தின் நீளம் ஏறத்தாழ 2,080 கி.மீ. புஸ் மாத் மணிக்குச் சுமார் 160 கி.மீ. வேகத்தில் பறந்தது எனக் கொண்டால், வானில் இருந்த நேரம் 13 மணி. ஆயினும் பயணம் ஒரே நாளில் முடியவில்லை. எரிபொருள் நிரப்ப இறங்க வேண்டியிருந்தது. இரவில் பறப்பதற்கான வசதிகளும் இல்லை. தொலைவை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது பறக்கும் நேரம் மட்டுமே; பயண நேரம் அதைவிடப் பெரியது.

இன்றைய நிலை

இன்றைய ஜெட் விமானம் 1,900 கி.மீ. தொலைவைச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடக்கும். ஆனால் 1947-இல் நாடு பிரிந்தபின் கராச்சி பாகிஸ்தானின் நகரம். இப்போது இரு நகரங்களுக்கும் இடையே நேரடிச் சேவை இல்லை. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று தன் வான்பரப்பை மூடின. துபாய் வழியாகச் சென்றால் தொலைவு ஏறத்தாழ 4,100 கி.மீ.; அதாவது நேர்த்தொலைவைப்போல் இரு மடங்குக்கும் மேல். இடையில் காத்திருக்கும் நேரம் தனி.

ஓடுபாதை இருப்பதாலும் பயண நேரம் குறைந்துவிடாது. திருநாவலூருக்கு அருகே உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுபாதை ஒன்று உள்ளது. அங்கிருந்து பயணியர் விமானம் எதுவும் புறப்படுவதில்லை. இவ்வட்டார மக்கள் சென்னை விமான நிலையத்தை அடையவே ஏறத்தாழ மூன்று மணி நேரம் சாலையில் செல்ல வேண்டும்.

எனவே இரு விமான நிலையங்களுக்கு இடையிலான நேரத்தைக் கணக்கிடும்போது தொலைவு, வேகம் ஆகியவற்றுடன் நிறுத்தங்களையும் நாடுகளின் எல்லைகளையும் விமான நிலையம் வரை செல்லும் சாலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.