வன்னிச்சியாருக்கு ஒரு கல்

ஒல்லாந்தில் வாழும் எம் சகோதரிகள் சிலர், ஆம்ஸ்டர்டாம் றைக்ஸ் நூதனசாலையில் பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கற்களும் பதித்த சிறிய பீரங்கி ஒன்றைக் கண்டிருப்பார்கள். அது 1765 இல் ஒல்லாந்தக் கம்பனிப் படை கண்டியைச் சூறையாடியபோது எடுத்துச் சென்றது. அந்தப் பீரங்கியையும் இரண்டு வாள்கள், ஒரு கத்தி, இரண்டு துப்பாக்கிகள் ஆகியவற்றையும் 2023 இல் நெதர்லாந்து அரசு இலங்கைக்குத் திருப்பித் தந்தது. ஆறு பொருள்களும் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

மகிழ்ச்சிதான். ஆனால் பொருள் திரும்பி வந்தால் மட்டும் போதுமா? அதன் அருகில் வைக்கும் பலகையை எழுதுவது யார்? யாருடைய பெயரை எழுதுவது, யாருடைய பெயரை விடுவது? இன்று உலக நூதனசாலைகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. வன்னியில் பிறந்து படித்த எமக்கு இது புதிய கேள்வியன்று.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கற்சிலைமடுவை நினைத்துப் பாருங்கள். 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் றிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தார் என்று சொல்லும் கல்லை ஆங்கிலேயர் அங்கே நட்டனர். வென்றவர் எழுதிய பலகை அது. அதே ஆண்டு ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் அன்று இறந்ததாகவும் கல் சொல்லவில்லை. ஆயினும் கல்லில் இருந்த நாளையே அவரது மறைவு நாளாகப் பலர் நம்பினர். பலகை ஒன்று ஒரு சமூகத்தின் நினைவையே எப்படித் திருப்பிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பண்டாரவன்னியனுக்குப் பின்னாளில் நாம் சிலை எடுத்தோம். ஆனால் அவருக்கு முன் இந்த மண்ணைக் காத்து நின்ற பெண்ணை எத்தனை பேர் அறிவோம்? கண்டியைச் சூறையாடிய அதே ஒல்லாந்தக் கம்பனி, 1782 இல் வன்னியை அடக்க வந்தது. கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. எதிர்த்தவர்களில் ஒருவர் மரியா செம்பாத்தை என்னும் வன்னிச்சி. அவரைச் சிறைப்பிடித்துக் கொழும்புக் கோட்டையில் வைத்தார்கள். 1834 இல் வெளியான சைமன் காசிச்செட்டியின் ஆங்கில நூலில் உள்ள சில வரிகள்தாம் இதை எமக்குக் காத்துத் தந்தன. கண்டியிலிருந்து போன பீரங்கி 258 ஆண்டுகளின் பின் ஊர் வந்தது. வன்னியிலிருந்து கொண்டுபோகப்பட்ட அந்தத் தாயின் பெயர்கூட இன்னும் எம் பிள்ளைகளிடம் வந்து சேரவில்லை.

எம் காலத்துக்கு வருவோம். போரில் சாய்ந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி, ஆண்டுக்கணக்காகப் பலகையோடு காட்சிப்பொருளாகக் கிடந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்தார்கள். அந்தத் தாங்கியின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊரின் கதை அந்தப் பலகையில் இல்லை.

தண்ணிமுறிப்புக் குருந்தூர்மலையும் நெடுங்கேணிப் பக்கத்து வெடுக்குநாறிமலையும் இன்று நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. மருத்துவர்களாகிய நாம் ஒரே ஒரு பரிசோதனை அறிக்கையை வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. நோயாளியையும் வீட்டாரையும் கேட்கிறோம், பழைய குறிப்புகளைப் புரட்டுகிறோம். பழைய இடங்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். பௌத்த எச்சம் கிடைத்தால் அதை மறைக்கத் தேவையில்லை. மணிமேகலையைத் தந்த மொழி எம்முடையது. தமிழரிடையே பௌத்தம் இருந்தது. அதுபோலவே, தலைமுறைகளாக ஐயனாருக்குப் பொங்கிய மக்களின் வழிபாட்டையும் அந்த இடத்தின் வரலாறாகவே கொள்ள வேண்டும். ஒரு காலத்தை மட்டும் எழுதி மற்றக் காலங்களை வெளியேற்றும் பலகை, அதை யார் எழுதினாலும், முழு வரலாறாகாது.

இதைப் பிறருக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் இருந்துவிட முடியாது. 2008, 2009 இடப்பெயர்வுகளில் எமது பாடசாலையின் சேர்வு இடாப்புகள், சம்பவத் திரட்டுப் புத்தகங்கள், பரிசளிப்பு விழாப் படங்கள் எல்லாம் போய்விட்டன. நூறு ஆண்டுகளில் இங்கு படித்த பெண்களின் பெயர்ப்பட்டியலே எம்மிடம் முழுமையாக இல்லை. ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் உங்கள் பெட்டிகளில் ஏதோ ஒன்று இருக்கும்: ஒரு வகுப்புப் படம், ஒரு சான்றிதழ், ஆசிரியை எழுதித் தந்த ஓட்டோகிராஃப். மூலத்தை நீங்களே வைத்திருங்கள், பிரதியை அனுப்புங்கள். 2005 இலிருந்து நூலகம் எண்ணிம நூலகம் எம் ஆவணங்களைப் பிரதி செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதே வழியை நாமும் பின்பற்றலாம். படத்தின் பின்புறம் ஆண்டையும் பெயர்களையும் எழுதுங்கள். கந்தோரில் வேலைசெய்தவர், வளவு கூட்டிய ஆச்சி என்று ஓரத்தில் நிற்பவர்களின் பெயரையும் மறக்காதீர்கள்.

இன்னுமொரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை வளவில் வன்னிச்சியாருக்கு ஒரு சிறிய கல் வைப்போம். வீரக்கதை ஒன்றும் சேர்க்க வேண்டாம். அவர் பெயர், 1782 என்ற ஆண்டு, வன்னிக்காக எதிர்த்து நின்று கொழும்பில் சிறையிருந்தார் என்ற செய்தி. இவ்வளவும் போதும். கீழே இரண்டு வரிக்கு இடம் விடுவோம். இங்கு படிக்கும் பிள்ளைகளில் ஒருத்தி நாளை ஒல்லாந்தரின் ஆவணங்களைத் தேடிப் படித்து வந்து அதில் எழுதட்டும்.