சான் ஹோசே நகரின் விரிவும் நிருவாகி ஹாமனும்

அமெரிக்க நாட்டு நகராட்சி முறைகளுள் நிருவாகி முறை என்பது ஒன்று. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கொள்கையை வகுக்கும். மன்றம் அமர்த்திய நிருவாகி அதனைச் செயற்படுத்துவார். மன்றம் விரும்பாதவிடத்து அவரை நீக்கலாம். சென்னை மாநகராட்சியின் ஆணையரை மாநில அரசே அமர்த்துதலின், அவர் நிலை வேறு, இவர் நிலை வேறு என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். சட்டத்தின்படி நிருவாகி மன்றத்தின் பணியாளரே. எனினும் ஒருவரே அப்பதவியில் நெடுங்காலம் நிலைத்திருப்பின், ஏவுவோர் யார், ஏவப்படுவோர் யார் என்னும் ஐயம் எழுகின்றது. கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே நகரில் 1950 முதல் 1969 வரை நிருவாகியாக இருந்த ஏ. பி. ஹாமன் என்பாரின் வரலாறு இவ்வையத்தை ஆராய்தற்கு ஏற்ற களமாகும்.

இம்முறை அந்நகரில் 1916ஆம் ஆண்டிலேயே புகுந்தது. முதல் நிருவாகி தாமஸ் ரீட் என்னும் பேராசிரியர். அவர் அப்பதவியில் நெடுநாள் நிலைக்கவில்லை. ஹாமன் பொறுப்பேற்ற காலத்து நகரின் பரப்பு ஏறத்தாழ 17 சதுர மைல். மக்கள் தொகை 95,280. நகரைச் சூழ்ந்து ஆப்ரிகாட் தோட்டங்களும் உலர்த்துதற்குரிய பிளம் தோட்டங்களும் பரந்து கிடந்தன. பழங்களைத் தகரப் பெட்டிகளில் அடைக்கும் ஆலைகள் பலவும் இருந்தன. ஹாமன் விலகியபோது பரப்பு 130 சதுர மைலைக் கடந்திருந்தது. மக்கள் நான்கரை லட்சம் அளவினர். இவ்விரிவு ஒரே வீச்சில் நிகழ்ந்ததன்று. 1,300க்கும் மேற்பட்ட தனித்தனி நில இணைப்புகளின் விளைவு.

இணைப்பு எங்ஙனம் இத்துணை எளிதாயிற்று? இதற்கு விடை சட்டத்தில் ஒரு பாதியும் சாக்கடையில் மறு பாதியுமாக உள்ளது. பதிவு பெற்ற வாக்காளர் பன்னிருவர்க்குக் குறைந்த நிலப்பகுதியைக் கலிபோர்னியச் சட்டம் மக்கள் வாழாப் பகுதி எனக் கொண்டது. அத்தகைய நிலத்தை இணைத்தற்கு வாக்கெடுப்பு வேண்டியதில்லை. நிலவுடைமையாளரின் இசைவே போதும். தோட்ட நிலங்களில் வாக்காளர் சிலரே. ஆகவே நகர அலுவலர் தோட்டக்காரரையும் மனை விற்போரையும் நாடிச் சென்றனர். சாலை ஓரமாக நாடா போன்ற நிலத்துண்டுகளை இணைத்துக்கொண்டே தொலைவிலுள்ள நாற்சந்திகளை எட்டினர். உலகப் போரில் செருமானியர் செலுத்திய கவசப் படையின் பெயரால் ஊரார் இவ்வலுவலரை அழைத்தனராம். அப்பெயரில் நகையும் உண்டு, அச்சமும் உண்டு.

சாக்கடையின் கதை இதனினும் சுவையானது. பழ ஆலைகளின் கழிவு கோடைதோறும் பெருகி வளைகுடாவைக் கெடுத்து வந்தது. 1956இல் நகரம் பெரியதொரு கழிவுநீர்த் தூய்மை நிலையத்தை இயக்கத் தொடங்கியது. புதிய வீடுகளுக்குக் கழிவுநீர் இணைப்பு இன்றியமையாதது. அதனைப் பெற விழைந்தோர் நகர எல்லைக்குள் வரவேண்டியவராயினர். பழத்தொழிலின் அழுக்கைத் தீர்க்க எழுந்த நிலையமே பழத்தோட்டங்களை அழித்தற்குக் கருவியாயிற்று என்க.

ஹாமன் தம் செயலுக்குக் காரணம் கூறாதவரல்லர். சான் ஹோசே விரியாதொழியின் சிற்றூர்கள் நாற்புறமும் சூழ்ந்து அதன் குரல்வளையை நெரிக்கும் என்பது அவர் வாதம். அது வெற்றச்சம் அன்று. எனினும் அவர் விரைவே அச்சிற்றூர்களை விழிப்புறச் செய்தது என்பதையும் மறத்தலாகாது. கேம்ப்பெல் 1952இலும், மில்பிடாஸ் 1954இலும், கூப்பர்டினோ 1955இலும், சரடோகா 1956இலும் தனி நகராட்சிகளாயின. தடுக்க நினைத்த வேலியைத் தாமே எழுப்பினார் என்று கூறின் மிகையாகாது.

மன்றமோ, உள்ளூர் நாளிதழோ, வணிகரோ அவரை எதிர்த்திலர், மாறாக ஊக்கினர். ஆதலின் பழியையும் புகழையும் ஒருவர் தலையிலேயே ஏற்றுதல் வரலாற்று முறையன்று. ஆயினும் எந்நிலத்தை, எந்நாளில், எவ்வரிசையில் இணைப்பது என்பதை முடிவு செய்தது நிருவாகியின் அலுவலகமே. அவ்வரிசையே நகரின் வடிவமாயிற்று. வீடுகள் மிகுந்தன, அவற்றுக்கு ஈடாக வரி தரும் தொழிலகங்களுள் பல அண்டை நகராட்சிகளில் அமைந்தன. வீடுகளுக்குப் பணிபுரியும் செலவு சான் ஹோசேக்கும், தொழிலகங்களின் வருவாய் பிறர்க்கும் ஆயின. இன்று அப்பள்ளத்தாக்கின் கணிப்பொறித் தொழிலில் உழைக்கும் தமிழர் பலர் ஓரூரில் குடியிருந்து மற்றோரூருக்கு நாள்தோறும் செல்லும் நெடும்பயணத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

வளைகுடாக் கரையிலுள்ள ஆல்விசோ என்னும் ஏழைச் சிற்றூர் 1968இல் சான் ஹோசேயோடு இணைந்தது. நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால் அதன் நிலம் முன்னரே கடல் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருந்தது. 1983இல் பெருவெள்ளம் அவ்வூரை மூழ்கடித்தது. எல்லைக்குள் வந்தமை ஒன்றே ஓர் ஊருக்குக் காப்பாகாமையை அங்கு வாழ்ந்தோர் கண்டனர்.

ஹாமன் விலகிய பின் காற்று மாறி வீசியது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கொள்கைகள் எழுந்தன. பெருக்குமுன் சீர்செய்க என்னும் கருத்தை முன்வைத்த ஜேனட் கிரே ஹேய்ஸ் என்னும் பெண்மணி 1974இல் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1977 மார்ச் 27இல் தெனெரிஃப் தீவில் இரு வானூர்திகள் மோதிய கொடுநிகழ்ச்சியில் ஹாமன் உயிர் துறந்தார்.

அவர் காலத்துச் செயல்களுள் ஒன்றை ஈண்டுக் குறித்தல் தகும். ஊர் நடுவண் பூங்காவில் 1889 முதல் நின்ற நகர மன்றக் கட்டடம் 1958இல் இடிக்கப்பட்டது. மன்றம் வடபால் புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. கடைவீதியும் பொலிவிழந்தது. 2005இல் மன்றம் மீண்டும் ஊர் நடுவிற்கே திரும்பியது.