பெயர் ஒன்று, காவல் வேறு: பிள்ளைகளின் இணைய விளையாட்டு வரலாறு



அண்மையில் எங்கள் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார், "டீச்சர், பாதுகாப்பான விளையாட்டு ஒன்னோட பேரைச் சொல்லுங்க, அதை மட்டும் கைப்பேசியில வெச்சிடுறேன்" என்றார். உடனே விடை கூற என் நா எழவில்லை.

காரணம் உண்டு. 2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டிருந்த வேளையில், வாய்ப்பாட்டைப் பழகுவதற்கான விளையாட்டுத் தளம் ஒன்றை வகுப்பின் புலனக் குழுவில் நானே பரிந்துரைத்தேன். கணக்குகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால், ஓரத்தில் மின்னிய விளம்பரத்தை அழுத்திய மாணவி ஒருத்தி, முன்பின் அறியாதோர் பேசிக்கொள்ளும் உரையாடல் அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். இரவு பத்து மணிக்கு அவளுடைய தந்தை என்னை அழைத்தார். அவர் கோபப்படவில்லை. "டீச்சர் அனுப்புனதுதானேன்னு நானும் பார்க்கல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பின்னர்தான் இவ்வகை விளையாட்டுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

பாயான் பாருவில் வாழும் நமக்குக் கணினி புதிதன்று. அருகிலுள்ள பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை 1972-இலேயே தொடங்கிற்று. சில்லுகள் இங்கே உருவாயின. விளையாட்டுகளும் அவற்றுக்கான விதிகளும் பிற நாடுகளில் உருவாயின.

முதல் விதி இரத்தத்தைப் பற்றியது. 'மோர்ட்டல் காம்பாட்' போன்ற வன்முறை விளையாட்டுகள் குறித்து 1993-இல் அமெரிக்க மேலவையில் விசாரணை நடந்தது. மறு ஆண்டே விளையாட்டுப் பெட்டிகளின்மேல் வயதுக் குறியீடு வந்தது. பெட்டிக்குள் இருப்பது என்னவென்று குறியீடு கூறும். ஆனால், இணையம் வந்தபின் பெட்டிக்குள் மனிதர்களும் வந்துவிட்டனர். 13 வயதுக்குட்பட்டோரின் தனிவிவரங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டுவதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்டு, 2000 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. (அக்காலத்தில் இங்கே நம் கவலையெல்லாம், டியூசனுக்குச் சென்ற பையன் இணைய மையத்தில் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடுகிறானோ என்பதுதான்!)

இவ்வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது 'கிளப் பெங்குவின்'. 2005 அக்டோபரில் கனடாவின் கெலோனா நகரில் மூவர் இதனைத் தொடங்கினர். பனித்தீவு ஒன்றில் பிள்ளைகள் பெங்குவின்களாக உலவுவர். பெற்றோர் விரும்பினால், பிள்ளை தானாக எதையும் தட்டச்சு செய்ய இயலாது. முன்னரே எழுதிவைத்த சொற்றொடர்களிலிருந்து தேர்ந்தெடுத்தே பேச வேண்டும். மற்றவர்களின் பேச்சு வடிகட்டப்பட்டது. அதனைக் கண்காணிக்கச் சம்பளம் பெறும் பணியாளர்களும் இருந்தனர். வெளி விளம்பரங்கள் இல்லை. பெற்றோர் செலுத்திய மாதச் சந்தாவே வருவாய். காவலுக்குக் கூலி உண்டு என்பதை அவர்கள் மறைக்கவில்லை. 2007-இல் டிஸ்னி நிறுவனம் 350 மில்லியன் டாலருக்கு அதனை வாங்கியது. 2017 மார்ச்சில் மூடியது.

கதை அத்துடன் முடியவில்லை. மூடிய தீவை இரசிகர்கள் உரிமையின்றி நகலெடுத்து மீண்டும் திறந்தனர். அத்தகைய நகல்களுள் ஒன்றான 'கிளப் பெங்குவின் ஆன்லைன்', ஊரடங்குக் காலத்தில் பெருந்திரளான பிள்ளைகளை ஈர்த்தது. அங்கே இனவெறிப் பேச்சும் பாலியல் பேச்சும் தடையின்றி நிகழ்வதை பிபிசி வெளிப்படுத்தியது. டிஸ்னியின் பதிப்புரிமை அறிவிப்புக்குப்பின் 2020 மே மாதத்தில் அது மூடப்பட்டது. அதே பெங்குவின், அதே பனி, காவலர் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் நல்ல பெயர் பெற்றதாயிற்றே என்று நம்பித் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பிய பெற்றோர் எத்தனை பேரோ! என் புலனக் குழுவின் நினைவுதான் எனக்கு வந்தது.

பிந்திய ஆண்டுகளில் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவையே. 'போர்ட்நைட்' விளையாட்டில் குரல் உரையாடலும் எழுத்து உரையாடலும் சிறாருக்கும் தொடக்கத்திலேயே திறந்திருந்தன என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. பிள்ளைகளின் தனிவிவரச் சட்டத்தை மீறியதாகத் தொடுக்கப்பட்ட அவ்வழக்கில், எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் 275 மில்லியன் டாலர் தண்டம் செலுத்த இணங்கியது. தெரியாமல் பொத்தானை அழுத்திப் பணம் இழந்தோருக்கெனத் தனியே 245 மில்லியன் டாலர். 'ரோப்ளாக்ஸ்' 2006-இல் வெளிவந்தது. 13 வயதுக்குட்பட்டோரின் நேரடிச் செய்திகளை அது இறுக்கிக் கட்டுப்படுத்தியதோ 2024 நவம்பரில்தான். பதினெட்டு ஆண்டுகள்! நம் நாட்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது.

இனி அந்தத் தாயாரிடம் வருவோம். பிரான்சு நாட்டவர் ஒருவர் 2000-இல் தொடங்கிய 'ஜிகாம்ப்ரி' என்னும் இலவசத் தொகுப்பை அவரிடம் குறிப்பிட்டேன். விளம்பரம் இல்லை, உரையாடல் இல்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டும் ஆடலாம். பையன் முகம் சுளித்தான். "அது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு டீச்சர்" என்றான்.

பின்னர் அவன் இப்போது விளையாடுவதையே காட்டச் சொன்னேன். மூவரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம். அமைப்புப் பக்கம் எங்கே உள்ளது என்பது எனக்கும் தெரியவில்லை, தாயாருக்கும் தெரியவில்லை. அவன்தான் மூன்றே தட்டில் திறந்து காட்டினான். உரையாடல் எல்லாருக்கும் திறந்தே இருந்தது. அதனை மூடிக் கடவுச்சொல் இடும்போது, தாயார் அவனைத் திரும்பி உட்காரச் சொன்னார்.