பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் நீர்த் தூய்மையும்

கலங்கிய நீரைத் தெளிவித்தற்பொருட்டுத் தேற்றா விதையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து வைத்தல் தமிழர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்த முறையாகும். அவ்விதை நீரில் மிதக்கும் நுண்மண்ணைத் திரட்டி அடியிற் படியச் செய்யும். ஆயின், நீரிற் கரைந்துள்ள நஞ்சு கண்ணுக்குப் புலப்படுவதில்லை, தானாகப் படிவதுமில்லை. கரைந்ததைக் கரையாததாக மாற்றிப் படியவைத்தலே அதற்கு இரசாயனவியல் கண்ட வழி. அவ்வழிக்கு வேண்டிய பொருள்களுள் இரண்டினை ஒரு காலத்தில் வன்னிப் பெருநிலமே நாட்டுக்கு ஆக்கி அளித்தது என்பது இன்று பலரும் மறந்துவிட்ட வரலாறாகும்.

சுதந்திர இலங்கையில் 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக விளங்கியவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம் ஆகிய மூன்று தொழிற்சாலைகளும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவன. அவற்றுள் பரந்தன் தொழிற்சாலை 1950களில் உருப்பெற்று, அரச கூட்டுத்தாபனமாக இயங்கியது. இடத்தேர்வின் பொருத்தம் நோக்கற்பாலது. வடக்கே ஆனையிறவு உப்பளம். அருகே புகையிரதப் பாதையும் கண்டி வீதியும். மூலப்பொருள் வாயிலிலேயே கிடந்தது.

உப்புக் கரைசலினூடாக மின்னைச் செலுத்தின் எரிசோடா, குளோரீன், ஐதரசன் ஆகிய மூன்றும் பிறக்கின்றன. ஒரு தொன் குளோரீன் கிடைக்குமிடத்து ஏறத்தாழ 1.1 தொன் எரிசோடாவும் உடன் கிடைக்கும். சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் எரிசோடா வேண்டும். குடிநீரிலுள்ள கிருமிகளை ஒழிக்கக் குளோரீன் வேண்டும். இவ்விரண்டுக்கும் பிறிதொரு பெரும்பயனும் உண்டு. அதனை விளங்கிக்கொள்ளச் சுரங்க நீரின் இயல்பை அறிதல் தகும்.

வன்னியில் உலோகச் சுரங்கம் இல்லை. எனவே சான்று பிற நாட்டிலிருந்தே கொள்ளவேண்டியதாகின்றது. இங்கிலாந்தின் கோர்ண்வால் மாவட்டத்திலிருந்த வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்பிகள் நிறுத்தப்பட்டதும் சுரங்கத்துள் நீர் ஏறியது. கற்களிலுள்ள கந்தகச் சேர்வைகள் காற்றோடும் நீரோடும் கூடி அமிலமாயின. அவ்வமிலம் இரும்பு, நாகம், கட்மியம், ஆசனிக்கு முதலியவற்றைக் கரைத்தெடுத்தது. 1992 சனவரியில் அந்நீர் உடைத்துக்கொண்டு கார்னன் ஆற்றிற் பாய, ஆறு செம்மஞ்சள் நிறமாயிற்று. அதன் பின்னர் அந்நீருக்குச் சுண்ணாம்பிட்டு உலோகங்களைப் படியவைக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. சுரங்கம் மூடிய பின்னும் நீரின் தொல்லை ஓய்வதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சுண்ணாம்பு செய்யும் பணியையே எரிசோடாவும் செய்யும். காரம் சேர அமிலம் தணிகின்றது. உலோகங்கள் ஐதரொட்சைட்டுகளாகி வீழ்படிகின்றன. ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒவ்வோர் அளவுண்டு. பெரிக்கு இரும்பு அமில நிலையிலேயே படிந்துவிடும். நாகம் படியப் பீஎச் 9 அளவு வேண்டும். கட்மியத்துக்கு அதனினும் மிகுதி வேண்டும். காரம் மிகின் படிந்த நாகம் மீளக் கரையும். குளோரீனோ ஆசனிக்கை ஒட்சியேற்றி, அது இரும்பு வீழ்படிவோடு எளிதிற் பற்றிக்கொள்ளும் நிலைக்குக் கொணர்கின்றது. எனினும் நஞ்சு அழிவதன்று. நீரிலிருந்து சேற்றுக்கு இடம்பெயர்வதே நிகழ்கின்றது. அச்சேற்றைப் பாதுகாப்பாக வைக்காவிடின் செய்த பணி வீணாகும்.

இத்தகைய பொருள்களை ஆக்கிய பரந்தன் தொழிற்சாலை போர்ச் சூழலால் 1985இல் நின்றுபோயிற்று. கட்டடங்கள் சிதைந்தன, தொழிலாளர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பின்னர் பரந்தன் என்னும் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து விற்கும் நிலை ஏற்பட்டது. பெயர் எஞ்சியது, தொழில் எஞ்சவில்லை. வவுனியாப் பகுதியின் நிலத்தடி நீரிலோ புளோரைட்டும் வன்மையும் மிகுந்துள்ளன. அப்புளோரைட்டை அகற்ற எரிசோடாவோ குளோரீனோ உதவா. வேறு முறைகளே வேண்டும். நீரின் குறையை முதலில் ஆய்ந்தறிந்த பின்னரே மருந்தைத் தேர்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

போர் முடிந்த பின்னர்ப் பரந்தனில் இரசாயனத் தொழிலை மீட்டெடுத்தல் பற்றிய பேச்சு பன்முறை எழுந்துள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். உப்பை மின்பகுக்கும் பழைய முறைகளுள் ஒன்று இரசத்தைப் பயன்படுத்துவது; கழிவோடு இரசம் வெளியேறும் இடர் அதிலுண்டு. 2013இல் ஏற்கப்பட்ட மினமாத்தா உடன்படிக்கை அம்முறையைக் கைவிடுதற்கு 2025ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்தது. இன்று மென்சவ்வுக் கலங்கள் உள்ளன. அவற்றுக்கு இரசம் வேண்டியதில்லை. புதிய ஆலை எழுமாயின் அது அம்முறையிலேயே எழுதல் வேண்டும். பழைய நிலத்தின் மண்ணும் நீரும் முன்னதாகச் சோதிக்கப்படுதலும் வேண்டும். நீரைத் தூய்மையாக்கும் பொருளை ஆக்கும் ஆலை, தான் நிற்கும் ஊரின் கிணற்றைக் கெடுக்கலாகாது. வன்னி மக்கள் கேட்க உரிமையுடைய முதல் உறுதிமொழி இதுவேயாகும்.