நீரிழிவு: சிகிச்சையைத் தொடர்ந்து கடைப்பிடித்தல்

நீரிழிவு உள்ள ஒருவர் மருத்துவருடன் கலந்து முடிவு செய்த மாத்திரை, இன்சுலின், உணவுமுறை, உடற்பயிற்சி, பரிசோதனை ஆகியவற்றை விடாமல் பின்பற்றுவது சிகிச்சைக் கடைப்பிடிப்பு எனப்படும். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணித்தது. வளர்ந்த நாடுகளில்கூட நாட்பட்ட நோய் உள்ளோரில் ஏறத்தாழ 50% பேரே சிகிச்சையைச் சரிவரத் தொடர்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. நோயாளியைக் குறை சொல்வதற்குப் பதில் அவருக்குத் துணை நிற்க வேண்டும் என்பது அவ்வறிக்கையின் நிலைப்பாடு.

முக்கியத்துவம்

பிரிட்டனில் 1977 முதல் 1997 வரை நடந்த ஆய்வில், தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் குறியீடு) அளவு 7.0% ஆகவும், மற்றவர்களுடையது 7.9% ஆகவும் இருந்தது. முதல் பிரிவினருக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25% குறைந்தன. இந்தப் பலன் பல ஆண்டுகள் கழித்தே தெரியும்; மாத்திரையை விட்டாலும் உடனே உடம்புக்கு ஒன்றும் தோன்றாது. கடைப்பிடிப்பு தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரணங்கள்

மறதி ஒரு காரணம் மட்டுமே. மருந்துச் செலவு, மருத்துவமனைக்குப் போனால் போகும் ஒருநாள் கூலி, ஒரு நாளைக்குப் பல வேளை மாத்திரை, மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை தரும் வயிற்று உபாதை ஆகியவையும் உண்டு. சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் தாழ்சர்க்கரை ஏற்படும். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டிய அனுபவத்துக்குப் பின் மாத்திரையையே தவிர்ப்போர் உள்ளனர். ‘சுகர் நார்மலாகிவிட்டது’ என்று நிறுத்துவதும், மாத்திரையால் கிட்னி கெடும், இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்று அஞ்சுவதும் பரவலானவை.

கண்டறிதல்

பரிசோதனைக்கு முந்தைய சில நாள்கள் மட்டும் பத்தியம் இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்து காட்டலாம். எச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால் நிலைமையை மறைக்காது. அட்டையில் எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பதும், 1986இல் மொரிஸ்கி குழுவினர் வெளியிட்டதைப் போன்ற சிறு வினாப்பட்டியல்களும் பயன்படுகின்றன. மாத்திரை விட்டுப்போனதை அறியாமல் மருந்தளவைக் கூட்டினால், நோயாளி பின்னர் அனைத்தையும் ஒழுங்காகப் போடும்போது சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். எனவே திட்டாமல் கேட்பது சிகிச்சையின் பகுதியே.

உதவும் வழிகள்

காரணத்துக்கேற்ப உதவி மாறும். வேளைகள் அதிகமானால் கூட்டு மாத்திரையோ நாளுக்கு ஒருமுறை போடும் மாத்திரையோ தரலாம். மெட்ஃபார்மினைக் குறைந்த அளவில் தொடங்கி, உணவுடன் கொடுத்தால் உபாதை குறையும். விட்டுப்போன வேளைக்கு ஈடாக இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது. இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் குத்தினால் அங்கே தோலடியில் கட்டி உண்டாகி மருந்து சீராக உறிஞ்சப்படாது. இடம் மாற்றிப் போடக் கற்றுத்தர வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், ஈர மணலுக்குள் வைத்த மண்பானை இன்சுலினை வெப்பத்திலிருந்து காக்க உதவும். ரமலான் நோன்புக்கும் பிற விரதங்களுக்கும் முன்பே மருந்து நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில்

மாநில அளவில் 2020இல் நடந்த ஆய்வில், நீரிழிவு உள்ளோரில் சுமார் பத்தில் ஒருவருக்கே சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வழங்குகின்றனர். 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது. பயணச் செலவு, கூலி இழப்பு ஆகிய தடைகளை வீடு தேடி மருந்து தரும் இந்த ஏற்பாடு நீக்குகிறது. மருந்து வீட்டுக்கே வந்தாலும் கண், சிறுநீரகப் பரிசோதனைகளுக்கு மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.