கூலி என்னும் சொல்லின் வரலாறு



தோட்டத்தில் நாம் நாள்தோறும் சொல்லும் 'கூலி' என்ற சொல்லின் வரலாற்றை இன்று காண்போம்.

எழுத்தில் பதியப்படாத பழஞ்சொல்லை மொழிநூலார் எவ்வாறு அறிகின்றனர்? உறவுமொழிகளை ஒப்பிட்டே அறிகின்றனர். ஆங்கிலேயர் தந்தையை ஃபாதர் என்பர். ஜெர்மானியர் ஃபாட்டர் என்பர். இவற்றை ஒப்பிட்டு, இவற்றுக்குத் தாயான மூல ஜெர்மானியச் சொல்லை ஊகித்து, ஊகம் என்பதற்கு அடையாளமாக முன்னே ஓர் உடுக்குறி இடுவர். திராவிட மொழிகளைக் கால்டுவெல் 1856-இல் இவ்வாறு ஒப்பிட்டார். பரோ, எமனோ என்னும் இருவர் 1961-இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டனர்.

தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய ஐந்திலும் 'கூலி' உண்டு. உழைப்புக்கு ஈடாகப் பெறுவது என்பதே பொருள். ஏற்றுக்கூலி, வண்டிக்கூலி என்று இன்றும் சொல்கிறோம். திருவள்ளுவர் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில், தெய்வத்தால் ஆகாததாயினும் முயற்சி உடல் வருந்திய அளவுக்குப் பயன் தரும் என்கிறார். அந்தப் பயனுக்கு அவர் இட்ட பெயர் கூலி!

பின்னர் ஐரோப்பியர் வந்தனர். அவர்கள் வாயில் 'கூலி' என்பது ஆளையே குறித்தது. அது குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். தமிழ்ச்சொல்லே என்பாரும் உளர். இரண்டும் கலந்திருக்கவும் கூடும். எப்படியாயினும், அச்சொல் கப்பலேறி உலகைச் சுற்றியது. மலாயில் அது 'குலி'. சீனர் அதே ஒலிக்குக் 'கசப்பான வலிமை' எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளை அமைத்தனர். ஜெர்மனியில் ஒருவகைப் பேனாவுக்கு 'மைக்கூலி' என்று பெயரிட்டனர். தென்னாப்பிரிக்காவிலோ அது இந்தியரை இழிக்கும் வசையாயிற்று.

மலாயாவுக்கு வந்த நம் முன்னோரின் பெயரோடும் இச்சொல் ஒட்டிக்கொண்டது. ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் நின்றது. உதவிபெற்று வருவோரை இந்திய அரசு 1938-இல் தடுத்ததும் கங்காணி முறை ஓய்ந்தது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. அதன் தலைவர்களுள் முதன்மையான பி. பி. நாராயணன், நம் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி செய்து வளர்ந்தவர். 'கூலிக்காரன்' என்ற பெயர் பின்தங்கி, 'தொழிலாளி' என்ற பெயர் நிலைத்தது.

பெற்றோர்களே! பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பெற்ற கூலியில் வெட்கப்பட ஏதுமில்லை. கூலி நாம் ஈட்டிய பொருளின் பெயர். அதை ஆளுக்குச் சூட்டியவர்கள் பிறர். பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லிக் கொடுங்கள்.