ஜிபே-ல காசு வாங்கினா வரி வருமா? சிறு கடைக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

2025 ஜூலையில் பெங்களூருவின் பல டீக்கடைகளிலும் பேக்கரிகளிலும் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, 'யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். யுபிஐ வரவை வைத்து கர்நாடக வணிக வரித்துறை அனுப்பிய நோட்டீஸ்தான் காரணம். எதிர்ப்பு கிளம்பியதும், பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும் என்று முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். அங்கே பிரச்னை அடங்கினாலும், தமிழ்நாட்டுக் கடைக்காரர்களுக்கும் அதே பயம்தான். "ஜிபே-ல வாங்கினா வரி போட்டுருவாங்களா?"

யுபிஐ-க்கு வரி இருக்கா?

இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் யுபிஐ அனுப்பினால் ஜிஎஸ்டி என்று பரவிய தகவலை 2025 ஏப்ரலில் மத்திய நிதி அமைச்சகமே மறுத்துவிட்டது. வரி என்பது விற்பனைக்கும் லாபத்துக்கும்தான். பணம் எந்த வழியில் வந்தது என்பதற்கு அல்ல. கல்லாவில் விழும் ரொக்கமும் அதே விற்பனைக் கணக்கில்தான் சேரும். அதனால் க்யூஆர் அட்டையைக் கழற்றுவதால் சட்டப்படி ஒன்றும் மாறாது. வருமான வரியைப் பொறுத்தவரை யுபிஐ-யில் வாங்குவதுதான் லாபம். அது எப்படி என்று கீழே பார்க்கலாம்.

எவ்வளவு விற்றால் ஜிஎஸ்டி பதிவு?

பொருள் மட்டும் விற்கும் கடைக்கு தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. சேவை என்றால் வரம்பு 20 லட்சம். பக்கத்தில் உள்ள புதுச்சேரியில் பொருளுக்கும் 20 லட்சம்தான்.

நாள் கணக்கில் பார்த்தால் சுலபமாகப் புரியும். தினமும் கடை திறக்கும் மளிகைக்காரருக்கு சராசரியாக 11,000 ரூபாய் வியாபாரம் ஆனால் ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டிவிடும். டீக்கடை, மெஸ் நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சமைத்துப் பரிமாறுவது சட்டத்தில் சேவை. எனவே தினமும் 5,500 ரூபாய் தாண்டினாலே 20 லட்சம் வந்துவிடும். இது லாபம் இல்லை, மொத்த விற்பனை. பால், சர்க்கரை, கேஸ் செலவையெல்லாம் கழிக்க முடியாது. பலரும் சிக்குவது இங்கேதான்.

காய்கறிக் கடைக்குமா?

ஃபிரெஷ் காய்கறி, பழம் போன்ற வரிவிலக்குப் பொருட்களை மட்டுமே விற்றால், எத்தனை லட்சம் ஆனாலும் பதிவு வேண்டாம். ஆனால் அதே கடையில் பிஸ்கட், கூல்டிரிங்க்ஸும் வைத்து விற்றால் கதை வேறு. வரம்பைத் தாண்டியதா என்று பார்க்கும்போது காய்கறி விற்பனையையும் சேர்த்துத்தான் கூட்டுவார்கள். வரி மட்டும் பிஸ்கட்டுக்கும் கூல்டிரிங்க்ஸுக்கும்தான்.

வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் பெண்களுக்கு இன்னொரு விஷயம். வெளிமாநிலத்துக்குப் பார்சல் அனுப்பினால் 40 லட்சம் வரம்பு பொருந்தாது. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி முதல் விற்பனைக்கே பதிவு கட்டாயம்.

வரம்பு தாண்டிட்டா என்ன செய்யணும்?

30 நாளுக்குள் ஜிஎஸ்டி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு அரசு கட்டணம் எதுவும் இல்லை. சரியான நேரத்தில் பதிவு செய்தால் வரம்பைத் தாண்டிய நாளிலிருந்துதான் வரி. அதற்கு முன் விற்றதற்கு வரி கிடையாது. பதிவு செய்யாமல் வருடக்கணக்கில் விட்டால்தான் பழைய வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து நோட்டீஸில் பெரிய தொகையாக நிற்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரி விகிதம் பார்த்து பில் போட முடியாதவர்களுக்கு காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. ஆண்டு விற்பனை 1.5 கோடி வரை உள்ள வியாபாரி 1 சதவீதம், மது பரிமாறாத உணவகம் 5 சதவீதம் கட்டினால் போதும். வரிக்குரிய விற்பனை 45 லட்சம் உள்ள கடைக்கு ஆண்டுக்கு 45,000 ரூபாய்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டி, வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன் போட வேண்டும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியும் திரும்ப வராது. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவர்கள் இதில் சேர முடியாது.

வருமான வரி தனியா?

ஆமாம், அது வேறு கணக்கு. கணக்குப் புத்தகம் முழுதாக எழுதாத சிறு வியாபாரிகளுக்காக ஒரு தனிப் பிரிவு உண்டு. ஆண்டு விற்பனை 2 கோடி வரை உள்ளவர்கள், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி வழியாகவோ யுபிஐ மூலமாகவோ வந்ததில் 6 சதவீதம் போதும். விற்பனை 50 லட்சம் என்றால், முழுவதும் ரொக்கமாக வாங்கியவர் குறைந்தது 4 லட்சம் லாபம் காட்டணும். யுபிஐ-யில் வாங்கியவருக்கு 3 லட்சம்தான். உண்மையான லாபம் இதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். கமிஷன் ஏஜென்ட்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

2025-26 நிதியாண்டுக்கு புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. "அப்போ ரிட்டர்னே வேண்டாமா?" என்றால், அப்படி இல்லை. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலோ, வியாபாரத்தின் ஆண்டு விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினாலோ, வரி பூஜ்யம் என்றாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும்.

நோட்டீஸ் வந்துட்டா?

கணக்கில் வந்த பணம் எல்லாம் விற்பனை ஆகிவிடாது. மகன் வெளியூரிலிருந்து அனுப்பியது, சீட்டு எடுத்த பணம், நகைக்கடன், நண்பர் திருப்பிக் கொடுத்த கைமாத்து எல்லாமே கடை க்யூஆர் இருக்கும் அதே கணக்கில் விழுந்திருக்கலாம். நோட்டீஸில் மொத்த வரவும் விற்பனை போலவே தெரியும். எது வியாபாரம், எது இல்லை என்று வங்கி ஸ்டேட்மென்ட்டில் பிரித்து, ஆதாரத்துடன் பதில் தர வேண்டியது கடைக்காரர்தான். வரிவிலக்குப் பொருள் விற்றிருந்தால் கொள்முதல் பில்லையும் இணைக்கணும். நோட்டீஸில் உள்ள தேதிக்குள் பதில் போகாவிட்டால், அதிகாரி கையில் இருக்கும் தொகையை வைத்தே வரி போட்டுவிட முடியும்.

கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு இன்னொன்று என்று இன்றே பிரித்துவிட்டால் இந்த வேலை பாதி குறையும். ரொக்க விற்பனையை தினமும் ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் உதவும். நோட்டீஸ் உண்மையா என்று சந்தேகம் இருந்தால், அதில் உள்ள அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்கலாம். போனில் கூப்பிட்டு, ஏதாவது யுபிஐ எண்ணுக்கு உடனே பணம் போடச் சொன்னால் அனுப்ப வேண்டாம். ஜிஎஸ்டி பாக்கியை அரசு இணையதளத்தில் சலான் எடுத்துத்தான் கட்ட வேண்டும்.